நீட்டு வூட்டின் பத்தாவது விதி

நீட்டு வூட்டின் முதல் அறையில் யாராவது தும்மினால் பத்தாவது அறையிலிருந்து "நூறு" என்று வாழ்த்து வரும். பாசம் என்று நினைத்துவிட வேண்டாம். அறைகளுக்கு நடுவே இருந்த மண்சுவர்கள் ஆள் உயரத்தோடு நின்றுவிட்டன. அதற்கு மேல் பத்து அறைக்கும் சேர்த்து ஒரே பனையோலைக் கூரை. சுவரை மேலே ஏற்றினால் காற்று வராது என்று கட்டியவர் சொல்லிவிட்டார். கட்டியவர் பாகூரில் கரும்பு போட்டிருந்த அரங்கநாதன். அவருடைய மாடி வீட்டுக்கு மட்டும் காற்று எந்த வழியாக வருகிறது என்று யாரும் கேட்கவில்லை.

வில்லியனூர் ரயிலடிக்குப் பக்கத்தில், கொல்லைகளுக்கு நடுவில் இருந்தது அந்த வீடு. வரிசையாகப் பத்து அறை, எதிரே ஒரு முற்றம், ஒரு கிணறு, முற்றத்து மூலையில் தரையோடு புதைத்த ஒரு கல்லுரல். ஊருக்குள் இடம் கிடைக்காதவர்களும், ஊருக்குள் இருக்கப் பிடிக்காதவர்களும், ஊர் இருக்க விடாதவர்களும் அங்கே ஒன்றாகக் குடியிருந்தார்கள். பிரெஞ்சுக்காரன் ஆட்சியில் எல்லோரும் சமம் என்பதற்கு அரங்கநாதன் அந்த வீட்டைத்தான் உதாரணம் காட்டுவார். அவர் அங்கே ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை.

பத்தாவது அறையில் தனக்கொடி இருந்தாள். புருஷன் பாம்பு கடித்துச் செத்து நாலு வருஷம். அவள் அவல் இடித்துப் பிழைத்தாள். முதல் நாள் நெல்லை ஊறவைப்பாள். விடிவதற்கு வெகு முன்னால் எழுந்து, தண்ணீரை வடித்து, முற்றத்து அடுப்பில் மண்சட்டியைப் போட்டு வறுப்பாள். நெல் பொரியத் தொடங்குகிற பதத்தில், சூடு ஆறுவதற்குள் உரலில் கொட்டி இடிக்க வேண்டும். ஒரு ஆளால் ஆகாத வேலை. எட்டாவது அறை காசம்மாள் தன் உலக்கையோடு வந்து எதிரே நிற்பாள். ஒருத்தி உலக்கை ஏற, மற்றவள் உலக்கை இறங்க, தொம் தொம் என்று முற்றமே அதிரும். கிழக்கு வெளுப்பதற்குள் அவல் ரயிலடிக்குப் போய்விடும். அங்கே கடை போட்டிருந்த தங்கவேல் அதை வெல்லம் சேர்த்து, முதல் வண்டிக்கு வருகிறவர்களுக்குச் சுடச்சுட விற்பான். அவன் வாங்குகிறவரை தனக்கொடிக்குச் சோறு உண்டு. அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

இப்படி நாலு வருஷம் ஓடியது. யாரும் குறை சொல்லவில்லை. குறை என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்க ஆள் வர வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அந்த ஆள் சைகோனிலிருந்து வந்தார்.

பலராமன் சைகோனில் இருபத்திரண்டு வருஷம் பிரெஞ்சுக்காரர்களின் மாடிக் குடியிருப்பு ஒன்றில் காவல் வேலை பார்த்தவர். பென்ஷனோடும், ஒரு தகரப் பெட்டியோடும், ஒரு பாக்கெட் கடிகாரத்தோடும் திரும்பினார். கடிகாரம் இன்னும் சைகோன் நேரத்தைத்தான் காட்டியது. அதை மாற்றி வைப்பது தன்னை அனுப்பிவைத்த துரைகளுக்குச் செய்யும் அவமரியாதை என்று அவர் நினைத்தார். நீட்டு வூட்டின் முதல் இரண்டு அறைகளைச் சேர்த்து வாடகைக்கு எடுத்து, சாய்வு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, எட்டு நாள் எல்லோரையும் பார்த்தார். ஒன்பதாம் நாள் வாயைத் திறந்தார்.

"சைகோன்ல ஒரே கட்டடத்துல நாப்பது குடும்பம். ஒருத்தன் இருமினா இன்னொருத்தனுக்குத் தெரியாது. ஏன்னு கேளு. ரெக்லமான். வூட்டு விதி. எழுதி வாசல்ல மாட்டியிருப்பான்" என்றார்.

"அங்க செவுரு கூரை வரைக்கும் இருக்கும்ல" என்றான் ஐந்தாவது அறையில் இருந்த பால்காரன் குழந்தைவேல்.

பலராமன் அவனைப் பார்த்த பார்வையில் அந்தச் சந்தேகம் அங்கேயே செத்தது.

விதி போடத் தலைவர் வேண்டும். தலைவருக்குத் தேர்தல் வேண்டும். அதில் எங்கள் பக்கத்து ஜனங்களுக்குப் பழக்கம் போதாது என்று சொல்லவே முடியாது. கிணற்றடியில் ஒரு பானையை வைத்தார்கள். நீட்டு வூட்டில் வயது வந்த ஆண்கள் பதினொரு பேர். பானையைக் கவிழ்த்தபோது முப்பத்தொரு சீட்டு இருந்தது. யாரும் ஆச்சரியப்படவில்லை, பெரிய தேர்தல்களில் நடப்பதைப் பார்த்தால் இது அடக்கமான கணக்கு. பெண்கள் சீட்டுப் போட முடியாது, ஆனால் அவர்கள் பெயரில் ஆண்கள் போடலாம். செத்தவர்கள் நேரில் வர முடியாது, அவர்களுக்கும் அதே வசதி. முப்பத்தொன்றும் பலராமனுக்கே விழுந்தது.

"ஒன் வூட்டுக்காரரும் போட்டாராம்டி" என்று காசம்மாள் வந்து சொன்னாள்.

தனக்கொடி முறத்தைக் கீழே வைத்தாள். "உசுரோட இருந்த வரைக்கும் எனக்கு எதிரா ஒரு வார்த்த பேசாத மனுசன். செத்த பொறவு அவங்களோட கூட்டு சேந்துட்டாரா" என்றாள்.

அப்போது அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

விதிகள் மொத்தம் பத்து. அவற்றில் நல்லவையும் இருந்தன. அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குப் பாவம் சேரும். கிணற்றுக்கு மூடி போட வேண்டும். அடுப்பை அணைக்காமல் வெளியே போகக் கூடாது. ஓலைக்கூரை என்பதால் ஒவ்வொரு வாசலிலும் ஒரு குடம் தண்ணீர் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். எச்சில் தண்ணீரை நடைபாதையில் கொட்டக் கூடாது. தனக்கொடிதான் முதல் ஆளாகக் குடத்தை நிரப்பி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். குழந்தைவேல் தன் குடத்துத் தண்ணீரில் தினமும் மாட்டைக் குளிப்பாட்டினான். எச்சில் தண்ணீரை எல்லோரும் முன்போலவே கொட்டினார்கள், அடுத்தவர் கொட்டியதைப் பற்றிப் புகார் செய்துவிட்டு. நாலாவது விதி கோழி வளர்க்கக் கூடாது என்றது, முற்றம் அசிங்கமாகிறதாம். ஒரே வாரத்தில் கோழிகளும் சேவல்களும் குழம்பாகிவிட்டன. சட்டத்தை இவ்வளவு ருசித்து யாரும் நிறைவேற்றியதில்லை.

பத்தாவது விதிதான் பலராமன் மனதில் முதலில் பிறந்தது. பொழுது சாய்ந்து விளக்கு வைத்ததிலிருந்து மறுநாள் சூரியன் கூரைக்கு மேல் வருகிறவரை, பிறர் தூக்கத்தைக் கெடுக்கும் ஓசை எதுவும் கூடாது. தனக்கொடி என்ற பெயர் அதில் எங்கும் இல்லை. உலக்கை என்ற சொல்லும் இல்லை. பெரிய மனிதர்கள் எழுதும் சட்டம் அப்படித்தான் இருக்கும், ஆளைச் சொல்லாது, ஆளைப் பிடிக்கும்.

அவள் முதல் அறை வாசலில் போய் நின்றாள்.

"ஐயா, சூரியன் ஏறுன பொறவு இடிச்சா மொத வண்டி போயிடுங்க. தங்கவேலு வாங்க மாட்டான்."

"பகல்ல இடியேன். யாரு வேணாம்னது?"

"பகல்ல இடிச்சத மறுநாள் எடுத்துக்கினு போனா தோலாட்டம் இழுக்குங்க. சூட்டோட குடுத்தாத்தான் அவலு."

"இதோ பாரும்மா" என்றார் பலராமன், குரலைத் தணித்து, அன்பாக. அந்த அன்புதான் அவளைப் பயமுறுத்தியது. "ஒன் பேர்ல எனக்கு ஒரு கோவமும் கெடையாது. ஆனா கூட்டா வாழ்றப்போ அடுத்தவன நெனைக்கணும். நா இருவத்திரண்டு வருசம் தூங்காம நாப்பது குடும்பத்தக் காத்தவன். இப்பவாச்சும் தூங்கணும் இல்ல?"

நாற்பது குடும்பத்தின் தூக்கத்தையும் சேர்த்துத் தன்னிடம் வசூலிக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. கேட்க நினைத்ததைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதினோராவது விதி அன்றே பிறந்திருக்கும்.

வருகிற வழியில் ஒவ்வொரு வாசலாக நின்றாள். எல்லோரும் அவள் பக்கம்தான் இருந்தார்கள்.

"ஒன்னாட்டம் நல்லவ உண்டா" என்றான் குழந்தைவேல். "ஆனா சட்டம்னு வந்துட்டா இன்னா பண்றது, சொல்லு."

காசம்மாளின் புருஷன் சூசைநாதன், ஒதியம்பட்டு ரோட்டில் ரயில்வே கேட்டைத் திறந்து மூடுகிற வேலைக்காரர். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நா ஒனக்காகப் பேசலாம்னுதான் இருந்தன் தங்கச்சி. விதி எழுதுன அன்னிக்குன்னு பாத்து தலவலி."

"பரவால்லண்ணே" என்றாள் தனக்கொடி. உள்ளே காசம்மாள் பாத்திரத்தைத் தேவைக்கு மேல் சத்தமாகக் கழுவிக்கொண்டிருந்தாள்.

மூன்று நாள் தனக்கொடி பகலில் இடித்த அவலை மறுநாள் விடியலில் கொண்டுபோனாள். முதல் நாள் தங்கவேல் வாங்கிக்கொண்டான். இரண்டாம் நாள் பாதியைத் திருப்பினான். மூன்றாம் நாள் ஒரு சிட்டிகை வாயில் போட்டு மென்று, மென்றுகொண்டே இருந்து, கடைசியில் துப்பினான்.

"யக்கா, இத வாங்கித் தின்னவன் வண்டியிலேர்ந்து எறங்கி வந்து என்ன அடிப்பான். ஒதியம்பட்டுல ரெண்டு பொம்பளைங்க இடிக்கிறாங்களாம், அவங்கள வரச் சொல்லிட்டன். தப்பா நெனைக்காத" என்றான்.

அவள் தப்பாக நினைக்கவில்லை. ஊறவைக்க அன்று நெல் எடுக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள். கை தன்பாட்டில் உரலின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தது. அழுகை வந்தது, சத்தமில்லாமல் அழுதாள். விளக்கு வைத்தாயிற்று அல்லவா.

நீட்டு வூட்டுக்கோ வேறு ஒரு வியாதி வந்திருந்தது. அமைதி தொடங்கிய முதல் காலையிலேயே எல்லோரும் தூங்கிப்போனார்கள். சாதாரணத் தூக்கம் இல்லை, வெயில் ஓலை இடுக்கு வழியாக இறங்கி மூக்கில் உட்காருகிறவரை. குழந்தைவேல் எழுந்தபோது மாடு கட்டுத்தறியில் அலறிக்கொண்டிருந்தது. அவன் பால் கொண்டுபோவதற்குள் வாடிக்கை வீடுகள் காப்பித்தண்ணீரைக் கறுப்பாகக் குடித்து முடித்து, பக்கத்துத் தெரு பால்காரனிடம் சொல்லியும் வைத்துவிட்டன.

சூசைநாதன் கதை இன்னும் மோசம். அவர் கண் விழித்ததே எஞ்சின் ஊதின ஊதலில்தான். வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். கேட் திறந்து கிடந்தது. செலியமேட்டுக் கரும்பு வண்டி ஒன்று தண்டவாளத்துக்கு நடுவில் சக்கரம் சிக்கி நின்றது. வண்டிக்காரன் மாடுகளை அவிழ்த்துக்கொண்டு ஒதுங்கிவிட்டான். எஞ்சின் அந்தக் கரும்பிலிருந்து நாலு முழத்தில் நின்று புஸ்புஸ்ஸென்று மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. டிரைவர் இறங்கி வந்து சூசைநாதனை மூன்று பாஷையில் திட்டினான். யாருக்கும் அடிபடவில்லை. இன்னொரு முறை நடந்தால் வேலை போய்விடும் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

தலைவர் கூட்டம் கூட்டினார். நடந்ததற்குக் காரணம் என்ன என்று ஆராய்ந்தார்கள். கிணற்றுத் தண்ணீர் என்றான் ஒருவன். ஏரிக் காற்று என்றான் இன்னொருவன். காலம் கெட்டுக் கிடக்கிறது என்று பொதுவாக ஒப்புக்கொண்டார்கள். முடிவில் பலராமன் பதினோராவது விதியை எழுதினார்: குடியிருப்பவர்கள் அனைவரும் அவரவர் வேலைக்கு உரிய நேரத்தில் கண்டிப்பாக விழித்துக்கொள்ள வேண்டும். அதைச் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டு எல்லோரும் படுக்கப் போனார்கள். மறுநாளும் எல்லோரும் விதியை மீறினார்கள், தூக்கத்தில். சூசைநாதன் மட்டும் வேலைக்குப் பயந்து கேட்டடிக் கொட்டகையிலேயே கொசுக்கடியில் படுக்கத் தொடங்கினார்.

பலராமனுக்குக் கவலை இல்லை. அவருக்குப் போக வேண்டிய வேலை எதுவும் கிடையாது. வருஷத்தில் ஒரே ஒரு நாள் தவிர. பென்ஷன்காரர்கள் வருஷத்துக்கு ஒரு முறை புதுச்சேரிக்குப் போய், தாங்கள் உயிரோடு இருப்பதாக ஒரு துரையின் எதிரில் நின்று கையெழுத்துப் போட வேண்டும். துரை உச்சிப்பொழுதுக்குள் மேசையை விட்டு எழுந்துவிடுவார். முதல் வண்டியைப் பிடித்தால்தான் வரிசையில் நின்று அவர் முகத்தைப் பார்க்க முடியும்.

அந்த நாள் வந்தது. பலராமன் சலவைக் கோட்டையும் தலைப்பாகையையும் முதல் நாளே எடுத்து மாட்டிவைத்திருந்தார். கடிகாரத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தார். அது சைகோனில் என்ன மணி என்று இரவு முழுக்கச் சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அவர் எழுந்தபோது முதல் வண்டி விழுப்புரத்திலிருந்து வந்து, நின்று, புதுச்சேரிக்கே போய்ச் சேர்ந்திருந்தது. மாட்டு வண்டி பிடித்துக்கொண்டு போனார். துரையின் நாற்காலி காலியாக இருந்தது. குமாஸ்தா காகிதத்தைப் புரட்டினான்.

"இன்னிக்கு வராதவங்க உசுரோட இல்லன்னு எழுதியாச்சு. அடுத்த தவணை மூணு மாசம் கழிச்சு."

"நாந்தான் ஒன் எதிர்லயே நிக்கிறனேப்பா."

"நீங்க நிக்கிறீங்க. அது எனக்குத் தெரியுது. காயிதத்துக்குத் தெரியணுமே" என்றான் குமாஸ்தா, ரொம்பவும் மரியாதையாக.

செத்தவர்கள் ஓட்டில் ஜெயித்த தலைவர், செத்தவராகவே வீடு திரும்பினார். உயிர் போனபிறகுதான் அவருக்குப் புத்தி வேலை செய்தது என்று சொல்ல ஆசைதான், அப்படி நடக்கவில்லை. மறுபடியும் கூட்டம்தான் கூட்டினார்.

இந்த முறை உண்மையைச் சொன்னவள் காசம்மாள். பெண்கள் கூட்டத்தில் பேசுவதில்லை. அவள் கூட்டத்துக்கு வரவில்லை, தன் அடுப்படியிலிருந்தே பேசினாள். சுவர்தான் ஆள் உயரம் ஆயிற்றே.

"நாலு வருசமா எங்க ஒலக்கச் சத்தத்துலதான் அல்லாரும் எழுந்தீங்க. சேவலையும் தின்னுட்டீங்க, ஒலக்கையையும் நிறுத்திட்டீங்க. அப்பறம் தண்ணி மேல பழி, காத்து மேல பழி."

கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. நாலு வருஷமாகத் தாங்களே எழுந்துகொண்டிருந்ததாக ஒவ்வொருவரும் நம்பியிருந்தார்கள். அப்போது ஒருவராவது எழுந்து பத்தாவது அறைக்குப் போய், தப்பு நடந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கூட்டம் என்றால் தலைக்கு ஒரு வாய் உண்டு, மன்னிப்புக் கேட்க மட்டும் ஒரு வாய் கிடைக்காது.

பலராமன் பேனாவை எடுத்தார். எழுதி முடித்து, தனக்கொடியைக் கூப்பிட்டு, நின்றபடி படித்தார். பத்தாவது விதி திருத்தப்படுகிறது. குடியிருப்பவர்களின் பாதுகாப்பை முன்னிட்டு, பத்தாவது அறையில் இருப்பவர் தினமும் விடியற்காலை தவறாமல் உரலில் இடிக்க வேண்டும். ஒரு நாளும் ஓசை நிற்கக் கூடாது. தவறினால் அறையைக் காலி செய்ய நேரிடும்.

"ரொம்ப சந்தோசம்தான ஒனக்கு" என்றார் பலராமன்.

தனக்கொடி எல்லோரையும் ஒரு முறை பார்த்தாள். "நெல்லு யாரு தருவீங்க?"

யாருக்கும் கேள்வி புரியவில்லை.

"தங்கவேலு ஒதியம்பட்டு ஆளுங்கள வெச்சிக்கினான். எங்கிட்ட வாங்க ஆளு இல்ல. வாங்க ஆளு இல்லாம நா எதப் போட்டு இடிப்பன்?"

இதை யாரும் யோசித்திருக்கவில்லை. உரலுக்குள் என்ன இருந்தது என்று அவர்கள் நாலு வருஷத்தில் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. அவர்களுக்குக் கேட்டது சத்தம், அவர்களுக்கு வேண்டியது சத்தம்.

குழந்தைவேல்தான் வழி கண்டுபிடித்தான். கண்டுபிடித்த சந்தோஷம் அவன் முகத்தில் தெரிந்தது. "நெல்லு இன்னாத்துக்கு? வெறும் ஒரலயே இடியேன். சத்தம் வந்தாப் போதும்ல."

நல்ல யோசனை என்று நாலைந்து பேர் தலையாட்டினார்கள். பலராமன் அதையும் விதியில் சேர்த்துக்கொண்டார், யோசனை சொன்னவரின் பெயரைக் குறிப்பிட்டு.

தனக்கொடி கணக்குப் போட்டுப் பார்த்தாள். பசியோடு எழுந்து, வெறும் கல்லைக் குத்தி, இந்த ஒன்பது அறையையும் எழுப்பிவிட்டுவிட்டு மறுபடி பசியோடு உட்கார வேண்டும். உன் பாத்திரத்தில் ஒரு பிடி அரிசி போடுகிறேன் என்று சொல்ல ஒரு நாக்கு எழும்பவில்லை. கத்திவிடலாம் என்று வாயைத் திறந்தாள். திறந்த வாயில் "சரிங்க" என்றுதான் வந்தது. அவள் இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டதில் எல்லோருக்கும் திருப்தி. அன்று எல்லோரும் நிம்மதியாகப் படுத்தார்கள். காலையில் எழுப்ப ஆள் இருக்கிறது என்று சூசைநாதன்கூடக் கேட்டடிக் கொட்டகையை விட்டு வீட்டுக்கு வந்து பாயில் படுத்தார்.

மறுநாள் விடியலுக்கு முன், தனக்கொடி தன் இரண்டு புடவையையும் மண்சட்டியையும் மூட்டையாகக் கட்டினாள். உலக்கையைத் தோளில் வைத்தாள். ஒதியம்பட்டில் அந்த இரண்டு பெண்களுக்கு, தங்கவேல் கேட்கிற அளவுக்கு இடிக்க மூன்றாவது கை வேண்டியிருந்தது. முந்தின நாள் கூட்டம் முடிந்ததும் நடந்துபோய்ப் பேசிவிட்டு வந்திருந்தாள். படுக்க ஒரு மூலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். நல்ல மூலையா என்று அவள் கேட்கவில்லை.

எட்டாவது அறை வாசலில் காசம்மாள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். இன்று மறுபடி இடிக்கப் போக வேண்டும் என்ற நினைப்பு, விட்டுப்போன நாலு வருஷப் பழக்கத்தைத் திரும்பக் கொண்டுவந்து அவளை எழுப்பியிருந்தது. தோளில் உலக்கையையும் கையில் மூட்டையையும் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வாயைத் திறந்தாள்.

தனக்கொடி அவள் வாயைப் பொத்தினாள். காதோரம் குனிந்தாள்.

"ஒன் வூட்டுக்காரர மட்டும் எழுப்புடி. மொத வண்டிக்கு கேட்டு மூடணும், கரும்பு வண்டிங்க வர்ற நேரம்" என்றாள். "மத்தவங்க தூங்கட்டும். அடுத்தவங்க தூக்கத்த நாம கெடுக்கக் கூடாது."